செம்பு ஆகாது

அன்பு மகனுக்கு, திண்டுக்கல்லிலிருந்து உன் அம்மா எழுதுவது.

முதலில் பிள்ளைகளின் சேதி. அதைச் சொல்லாமல் வேறு எதையும் எழுத எனக்குக் கை ஓடாது. உன் அக்கா மகன் இருதயராஜ் அரைப்பரீட்சையில் வகுப்பிலேயே முதலாவதாக வந்திருக்கிறான். கணக்கில் நூற்றுக்கு நூறு. வாத்தியார் அவனை எழுப்பி நிறுத்தி, மற்ற பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னாராம். அவன் தங்கை பிலோ கோயில் திருவிழாவில் தனியாக நின்று பாடினாள். பெண்கள் பக்கம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது என்று எதிர்வீட்டுக்காரியே வந்து சொன்னாள்; அவள் யாரையும் லேசில் புகழ மாட்டாள், உனக்குத் தெரியும். உன் தம்பி சூசைக்குப் பள்ளிக்கூடத்து வேலை நிரந்தரமாகிவிட்டது. மூன்றாம் வகுப்பை அவனிடம் கொடுத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் மேலே உன் மகள் ரெஜினா. ஐந்து வயதுப் பிள்ளை, பெரம்பூரிலிருந்து அப்பத்தாவுக்குத் தன் கையால் கடிதம் எழுதிவிட்டாள்! நான் ஐந்தாம் வகுப்பு முடித்தபோது எழுதிய எழுத்தைவிட அவள் எழுத்து நேராக இருக்கிறது. தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டேன். பால் ஊற்றுகிறவளை நிறுத்தி வாசித்துக் காட்டியபோது, "ஏத்தா, நீ இதோட மூணாவது வாட்டி வாசிக்கிற, எனக்கு இன்னும் நாலு வீடு கெடக்கு" என்று சலித்துக்கொண்டாள். சலித்துக்கொள்ளட்டும். "அப்பத்தா, அப்பா எனக்குச் சிவப்பு மீன் வாங்கித் தரப்போகிறார்" என்று என் பேத்தி எழுதியிருப்பதை நான் முப்பது தடவையும் வாசிப்பேன்.

அந்தக் கடிதத்தோடு நீ வைத்திருந்த தாளைத்தான் யாருக்கும் காட்டவில்லை. ரெஜினா சண்டை மீன் கேட்டு அடம்பிடிக்கிறாள் என்றும், பினாங்குச் சித்தப்பா அந்தக் காலத்தில் உனக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மறந்துபோயிற்று என்றும், எனக்கு ஞாபகம் இருந்தால் எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். சந்தோஷம்தான். அதற்குக் கீழே இரண்டு வரி. சூசை கல்யாணத்துக்கு வர லீவு கிடைக்காது என்று ஒன்று. "இந்த வீட்டில் சூசை மாதிரி ஆள் யாரும் இல்லாததால் மீன் பிழைத்துக்கொள்ளும்" என்று இன்னொன்று. அதை நீ சிரித்துக்கொண்டே எழுதியிருக்கலாம். பதினாறு வருஷம் கழித்தும் அந்தச் சிரிப்பு உன்னிடம் இருக்கிறதே! நாலு நாளாக இந்தக் கடிதத்தை எழுத உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். மீன் சேதியை முதலில் எழுதிவிடுகிறேன். அது எனக்குச் சுலபம்.

எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாய். ஞாபகம் எதற்கு? நீயே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாய். பினாங்குச் சித்தப்பா சொல்லச் சொல்ல, முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு பென்சிலால் எழுதினாய். அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். எப்படி என்னிடம் வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அரிசிக்கு ரேஷன் எடுத்த வருஷம் அது. உன் அப்பாவின் சித்தப்பா மகன் மலாயாவிலிருந்து கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கி, அங்கிருந்து ரயிலில் நம் வீட்டுக்கு வந்தார். மற்றவர்களுக்குத் துணி, சோப்பு, பிஸ்கட் டப்பா. உனக்கு மட்டும் ஒரு கண்ணாடிப் புட்டி. வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். உள்ளே கட்டைவிரல் நீளத்தில் ஒரு மீன். சிவப்பு என்றால் அப்படியொரு சிவப்பு, வால் ஓரத்தில் மட்டும் நீலம். பாவாடையை விரித்த மாதிரி வாலை விரித்தது. சூசை எட்டிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இம்புட்டுத் தூரம் சொமந்துட்டு வந்தீகளே, இது ஒரு வாய்க்குக்கூடக் காணாதே" என்றான். வீடே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. "அவனக் கிட்ட வர வேணாம்னு சொல்லும்மா" என்றாய். உன் பன்னிரண்டு வயதுத் தம்பி சொன்ன அந்தக் கேலிதான் பின்னால் அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

சித்தப்பா சொன்னதைக் கேட்டுக்கொள். இந்த மீனைச் சின்னப் புட்டியில் வைப்பது பயணத்துக்கு மட்டும்தான். வீடு வந்து சேர்ந்ததும் அதற்கு நீந்த இடம் வேண்டும். நாம் மிட்டாய்க் கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கிய பெரிய கண்ணாடிச் சாடிகூடப் போதாது, ஒரு குடம் தண்ணீராவது பிடிக்க வேண்டும் என்றார். நீ சென்னையில் இருக்கிறாய், நாலு பக்கமும் கண்ணாடி வைத்த தொட்டியே கிடைக்கும். உயரத்தைவிட அகலம் பார்த்து வாங்கு. அது மேலே வந்து வாயைத் திறந்து காற்றுக் குடித்துவிட்டுப் போகும், ஆகவே விளிம்புவரை தண்ணீர் ஊற்றாதே, நாலு விரல் விட்டுவை. குதிக்கும். நம் வீட்டிலேயே ஒருநாள் குதித்துத் தரையில் கிடந்ததை நீதான் ஈரக்கையால் அள்ளிப் போட்டாய். அதனால் மேலே மூடி வேண்டும், மூடியில் காற்று போக ஓட்டையும் வேண்டும். நாம் கொசுவலைத் துணியைக் கட்டினோம். ஒரு தொட்டிக்கு ஒரு ஆண் மீன்தான். இரண்டைப் போட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடும். பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியையும் வைக்காதே. தன்னையே இன்னொருத்தன் என்று எண்ணி நாளெல்லாம் முறைத்து அலுத்துப்போகும். கீழே போடும் கல் கூழாங்கல்லாக வழவழப்பாக இருக்கட்டும், கூரான கல் வாலைக் கிழிக்கும். குளத்துப் பாசி இரண்டு கொத்துப் போடு. அதற்கு ஒளிந்துகொள்ள ஒரு மறைவு இல்லையென்றால் பயந்தே செத்துப்போகும் என்று நீ எழுதி, "பயந்தே" என்பதற்கு அடியில் கோடும் போட்டிருக்கிறாய்.

தண்ணீரைப் பற்றித்தான் நோட்டில் ஒன்றரைப் பக்கம். இங்கே நமக்குக் கிணற்றுத் தண்ணீர். காலரா பயத்தில் கிணற்றுக்கு மருந்து போட்டுவிட்டுப் போனால், அந்த வாரம் மீனுக்குத் தண்ணீர் மாற்றவே கூடாது என்று சித்தப்பா உன்னிடம் சத்தியம் வாங்கினார். அங்கே உனக்குக் குழாய்த் தண்ணீர். அதில் மருந்து வாடை வரும் என்று நீயே முன்பு எழுதியிருக்கிறாய். பிடித்த கையோடு ஊற்றாதே. வாய் அகன்ற மண்பானையில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, வாடை போன பிறகு ஊற்று. இருக்கிற தண்ணீர் முழுவதையும் ஒரே தடவையாகக் கொட்டாதே. கால்வாசி எடு, கால்வாசி ஊற்று. ரொம்பச் சில்லென்றும் இருக்கக்கூடாது. மார்கழியில் நீ சாடியைச் சுற்றிச் சாக்குக் கட்டினாய். வெயில் நேராக அடிக்கும் சன்னலும் ஆகாது. சோப்புப் போட்டுத் தொட்டியைக் கழுவவே கழுவாதே. தீனியாகக் கொசுப்புழு நாலு, காலையில் நாலு மாலையில் நாலு. அதன் வயிறு அதன் கண் அளவுதான் என்றார் சித்தப்பா. ரெஜினா பாசத்தில் அள்ளிப் போடுவாள், கையைப் பிடித்துக்கொள். மிஞ்சினதை எடுத்து வெளியே போடு, இல்லாவிட்டால் தண்ணீர் நாறும்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். "புகையிலைக் கையால் தொடக் கூடாது. அப்பா தொடக் கூடாது." புகையிலைக் குடோனிலிருந்து வரும் உன் அப்பா அதைக் கேட்டு வாசலிலேயே நின்று, "அப்ப நான் எங்கிட்டு இருந்து பாக்கணும்?" என்றார். நீ தரையில் கரியால் ஒரு கோடு போட்டாய். "இந்தக் கோட்டுக்கு அங்கிட்டு." அவ்வளவு பெரிய மனிதர், கண்டால் தெரு நடுங்கும், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உன் கோட்டுக்கு வெளியே குத்தவைத்து மீன் பார்த்தார். உன் மனதில் உன் அப்பா என்றால் பெல்ட்டைக் கையில் பிடித்தவர் மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். இதையும் வைத்துக்கொள்.

இனிமேல் எழுத வேண்டியதுதான் எனக்குக் கஷ்டம்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில், தனியாக, கட்டம் கட்டி இரண்டு வரி இருக்கிறது. "இரும்பு ஆகாது. பித்தளை ஆகாது. செம்பு ஆகவே ஆகாது. செம்புப் பாத்திரத்தில் மீனை வைத்தால் செத்துப்போகும்." அந்த நோட்டு பல நாள் அடுப்பங்கரை மாடத்தில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. தினம் அதைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் உப்பு எடுப்பேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு அந்த இரண்டு வரியை வாசிக்கத் தெரியும். நான் வாசிக்கவில்லை. அது பிள்ளையின் விளையாட்டு நோட்டு, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்குக் கோயில் பங்குச் சாமியார் நம் தெருவுக்கு ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்க வருவதாக இருந்தது. நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போய்விட்டீர்கள். நான் விடியலிலிருந்தே வீட்டைக் கழுவினேன். சாமியார் கையில் தீர்த்தத் தண்ணீரோடு முன்னறைக்குள் வரும்போது முதலில் கண்ணில் படுவது உன் சாடி. அதில் ஓரமெல்லாம் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. என் வீடு அழுக்காகத் தெரியுமே என்று எனக்கு வெட்கம். சாடியைத் தேய்த்துக் கழுவ வேண்டும், அதுவரை மீனை எதில் விடுவது? நம் வீட்டில் இருக்கிறதிலேயே சுத்தமான பாத்திரத்தில் விடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் புளி போட்டு விளக்கிக் கவிழ்த்து வைத்திருந்தேன், என் அம்மா சீராகத் தந்த சின்னச் செம்பு அண்டா. தங்கம் மாதிரி மின்னியது. சாமியார் மந்திரிக்கும் தண்ணீருக்கு எடுத்து வைத்திருந்த பாத்திரம் அது. அதில் நல்ல தண்ணீர் நிறைத்து உன் மீனை விட்டேன். செம்பில் வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்றுதானே நான் உங்களுக்கெல்லாம் குடிக்கக் கொடுத்தேன்? மீனுக்கும் நல்லதையே செய்கிறேன் என்று எண்ணினேன். அந்தச் செம்புக்குள் சிவப்பு மீன் இருந்த அழகைப் பார்த்துச் செத்த நேரம் நின்றேன், மறைக்க மாட்டேன்.

சாமியார் மதியத்துக்கு மேல்தான் வந்தார். கழுவின சாடி வெயிலில் காயட்டும் என்று அதுவரை மீனை அண்டாவிலேயே விட்டிருந்தேன். சூசைக்கு அன்றைக்குத் தலைவலி என்று பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் உள்ளே வந்தபோது நான் மீனை அண்டாவிலிருந்து சாடிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். "அண்ணன் பாத்தா வையும்மா" என்றான். "நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றேன். மாலையில் நீ வந்து, சாடி இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். கொசுப்புழு போட்டாய், அது தின்னவில்லை. மேலேயே கிடந்தது. காலையில் நீ எழுந்து பார்த்தபோது பக்கவாட்டில் மிதந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அதை நீ பார்த்ததில்லை. "ஏலே, என்னலே போட்ட அதுக்குள்ள?" என்று நீ அவன் சட்டையைப் பிடித்தாய். "நான் தொடல" என்றான். "நீதான்லே! நேத்துப் பாதியில வீட்டுக்கு வந்தது நீ ஒருத்தன்தான்!" என்றாய். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை. "நான்தான் மாத்தி வச்சேன், அவன விடு" என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். செம்பு விஷம் என்று அப்போது எனக்குத் தெரியாது, அது உண்மை. ஆனால் உன் மீனைத் தொட்டது நான் என்று தெரியும். முந்தின நாள் நீ கட்டிப்பிடித்தாயே, அந்தக் கையை நீ எடுத்துவிடுவாயோ என்று பயந்தேன். குனிந்து தரையைப் பார்த்தேன். அதற்குள் நீ அவனைத் தள்ளிவிட்டாய். அவன் நெற்றி ஆட்டுக்கல்லில் பட்டது. ரத்தத்தைப் பார்த்து உன் அப்பா பெல்ட்டை உருவினார். "தம்பி ரத்தத்தப் பாத்தவன் இந்த வீட்டுல இருக்கவேணாம்" என்றார். அடுத்த வாரமே உன்னைத் திருச்சி போர்டிங்கில் கொண்டுபோய் விட்டார். நீ வண்டி ஏறும்போது சூசை நெற்றிக் கட்டோடு வாசலில் நின்றான். நீ அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "வாரேம்மா" என்றாய். உன் கண்ணில் என் மேல் ஒரு குறையும் இல்லை. அதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது.

நீ போன மூன்றாம் நாள் உப்பு எடுக்கும்போது நோட்டு கீழே விழுந்து கடைசிப் பக்கம் திறந்தது. வாசித்தேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது திருச்சிக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். போடவில்லை. நோட்டை எடுத்து என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பெட்டியைப் பூட்டினேன். பரீட்சை முடியட்டும் என்று ஒரு வருஷம், வேலை கிடைக்கட்டும் என்று ஒரு வருஷம், உன் கல்யாணம் முடியட்டும் என்று ஒரு வருஷம். புகையிலைக் கை என்று உன் அப்பாவைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினோம். புளி போட்டு விளக்கின கையை யாரும் சந்தேகப்படவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவையல்ல, பல தடவை. திரைக்குப் பின்னால் இருக்கிறவரிடம் சொல்வது எளிது. ஒவ்வொரு சாமியாரும் மன்னிப்புக் கொடுத்துவிட்டு, மகனிடம் சொல்லுங்கள் என்றே சொன்னார். கொடுத்த மன்னிப்பை வாங்கிக்கொண்டேன், சொன்னதை மட்டும் செய்யவில்லை.

போன வாரம் உன் கடிதம் வந்ததும் சூசையைக் கூப்பிட்டு நோட்டைக் கையில் கொடுத்தேன். அவன் கடைசிப் பக்கத்தை வாசித்தான். மூன்றாம் வகுப்பு வாத்தியார் இல்லையா, எழுத்துப் பிழையைத்தான் முதலில் பார்த்தான். பிறகு நெற்றித் தழும்பைத் தடவினான். "எனக்குச் செம்பு தெரியாது. ஆனா நீ மாத்தினது தெரியுமேம்மா" என்றான். "அப்ப ஏன்டா அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டேன். "நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லல. சரி, விட்டுட்டேன்." அவ்வளவுதான். நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "இப்பவும் எழுதாத. அது ஊருல மிச்சம் வச்சிருக்கது உன்னைய மட்டுந்தான். அதையும் கெடுத்துக்காத" என்றான். உன்னைப் பற்றித்தான் சொன்னான். 'அது' என்றுதான் சொல்வான், அன்றிலிருந்து அண்ணன் என்று வாயில் வராது. ஆனால் உனக்கு யார் மிச்சம் என்று கணக்குப் பார்த்து வைத்திருக்கிறான், பார்த்தாயா?

அவன் பேச்சைக் கேட்காமல் எழுதுகிறேன். நம் வீட்டில் நீங்கள் இருவரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றே ஒன்றுதான். உன் அப்பாவின் சவப்பெட்டி பக்கத்தில் எடுத்தது. நீ தலைமாட்டில், அவன் கால்மாட்டில். பெட்டியைத் தூக்கும்போதும் அப்படியே தூக்கினீர்கள், ஒரு வார்த்தை பேசாமல். சூசைக்குப் பேசியிருக்கிற பெண் வீட்டார் ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரிகள், மரியாதையானவர்கள். பெண்ணின் அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார்: "ஏனுங்கம்மா, மூத்தவரு வருவாருங்கல்ல? மாப்பிள்ளைக்கு அப்பா இல்லீங்க, அண்ணந்தானுங்க முன்னால நிக்கோணும்." லீவு கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்தான். ஆனால் இதை நீ உண்மையாக்கலாம்.

மகனே, நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதை வாசித்த பிறகு உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும், அது எனக்குச் சேர வேண்டியது. பதினாறு வருஷமாக அதைத் தப்பான விலாசத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாய், என்னால். அதை அவனிடமிருந்து எடுத்து என்னிடம் கொடு. கல்யாணம் பாஸ்காப் பண்டிகை முடிந்த இரண்டாம் புதன். எனக்காக வராதே. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் நான் அடுப்படியிலேயே இருந்துகொள்கிறேன். அவனுக்கு முன்னால் வந்து நில். நோட்டை இதோடு வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து, உன் பொருள். ரெஜினாவுக்கு வாசிக்கத் தெரியும். கடைசிப் பக்கத்தை அவள் உன் பெண்சாதிக்கும் வாசித்துக் காட்டட்டும். வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் வாசிக்க வேண்டிய பக்கம் அது.

நீ வந்தாலும் வராவிட்டாலும் ஒன்று மட்டும் செய். மீனை வாங்கித் தொட்டியில் விட்டு ஒரு மாதம் போகட்டும். அப்புறம் படம் பிடிக்கிறவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, ரெஜினாவைத் தொட்டி பக்கத்தில் உட்கார வைத்துப் புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. என்னிடம் இருப்பது அவள் தவழ்ந்தபோது எடுத்தது; தெருவில் காட்டிக் காட்டி மூலை மடிந்துவிட்டது. இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டு, தபால்காரர் மடித்துவிடப் போகிறார். மீன் நன்றாகத் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல், அது வாலை விரித்திருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். படத்தில் எல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகத்தான் வரும். அதனால் பின்பக்கத்தில் அது என்ன நிறம் என்று ரெஜினாவையே எழுதச் சொல்.